சமுத்திரதாசனைத் தேடித் தென்காசிக்கு

கடல் கடந்து போனவர்கள் கடலைப் பற்றி நாலு பக்கமாவது எழுதுவார்கள். எனக்கு எழுத ஒன்றுமில்லை. தலைமன்னாரில் கப்பலின் கம்பியைப் பிடித்தவன் தனுஷ்கோடியில்தான் விட்டேன். நடுவில் நடந்ததெல்லாம் வாந்தி. இத்தனைக்கும் பிறந்து வளர்ந்தது வெள்ளவத்தையில், அலைச் சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்கிற வீட்டில். என்னைக் கடல்காரன் என்று தென்காசியில் எல்லாரும் சொன்னபோது மறுக்காமல் தலையை ஆட்டிக்கொண்டேன்.

அப்போது, அறுபதுகளின் தொடக்கத்தில், கொழும்பில் ஒரு தமிழ் வாரப்பத்திரிகையில் நான் உதவி ஆசிரியர். பெயர்தான் அப்படி. பிழை திருத்துவது, அச்சுக்கோப்பவர்களோடு மல்லுக்கட்டுவது, பத்திராதிபர் கோபமாக இருக்கும்போது எதிரே நிற்பது, எல்லாம் என் வேலை. எங்கள் பத்திரிகையை அந்த நாளில் தூக்கி நிறுத்தியது ஒரே ஒரு தொடர்கதை. பெயர் ‘உப்புக்கோள்’. எழுதியவர் சமுத்திரதாசன், தென்காசி; எங்களிடம் இருந்த விலாசமும் அவ்வளவுதான்.

கதை இதுதான். தென்காசிக் கடைவீதியைச் சேர்ந்த வியாபாரிகள் ஒரு கூட்டமாக ராக்கெட் ஏறி, முழுக்கத் தண்ணீரால் ஆன ஒரு கிரகத்துக்குப் போகிறார்கள். அங்கே மீன் மலிவு, கொள்முதல் செய்யலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். போய் இறங்கிய முதல் வாரமே ராக்கெட் முங்கிவிடுகிறது. எல்லாரும் ஒரு தெப்பத்தில். அந்தக் கிரகத்து மீன்களுக்கு நம்மைவிட மூளை அதிகம். தூண்டிலில் அல்வாத் துண்டைக் கோத்து ஆட்களைப் பிடிக்கின்றன. வயிற்றைக் கீறி, உப்புத் தடவி, பாறையில் காயப்போட்டு விற்கின்றன. ‘இந்த ஆளில் முள் ஜாஸ்தி, விலையைக் குறை’ என்று பேரம் பேசுகின்றன. வாரத்துக்கு ஒருவர் செத்தார். வாசகர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அடுத்தது யார் என்று எங்கள் அச்சுக்கூடத்தில் பந்தயம் கட்டினார்கள்.

கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்சினார். ஒவ்வொருவர் சாவையும் ஒழுங்காகக் குறித்துவைத்துக்கொண்டிருந்த கிழட்டுக் கணக்கப்பிள்ளை. அந்த இடத்தில் கதை நின்றுபோயிற்று. வாரம் போயிற்று, மாதமும் போயிற்று, தபாலில் ஒன்றும் வரவில்லை. ‘தவிர்க்க முடியாத காரணத்தால்’ என்று நானே எழுதி நானே பிழை திருத்தி அலுத்துப்போனேன். பத்திராதிபர் என்னைக் கூப்பிட்டு, போய் முடிவை வாங்கிக்கொண்டு வா, முடிவு இல்லாமல் வருவதானால் வராதே என்றார். அவர் வேடிக்கையாகப் பேசுகிற மனிதர் அல்ல. வேலை போனால் அம்மாவையும் இரண்டு தங்கைகளையும் வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு ஏறிய பஸ், ஆலங்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெருமூச்சு விட்டு நின்றது. மூக்கிலிருந்து ஆவி. கொழும்பாக இருந்தால் அரை நிமிஷத்தில் நாலு பேர் கத்தியிருப்பார்கள், இரண்டு பேர் பத்திரிகைக்கு எழுதியிருப்பார்கள். இங்கே எல்லாரும் கல்யாண வீட்டில் பந்திக்கு எழுந்த மாதிரி அமைதியாக இறங்கினார்கள். ஒருவர் கிணற்றைத் தேடிப் போனார். ஒரு அம்மாள் கூடையைத் திறந்து எனக்கும் சேர்த்து முறுக்கை எடுத்தாள். பக்கத்திலிருந்தவர் தன் கூட்டாளியிடம், இன்றைக்கு முன்னாலேயே நின்றுவிட்டதே, வழக்கமாகப் பாவூர்சத்திரம் தாண்டித்தானே நிற்கும் என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

தென்காசியில் இறங்கியதும் முதலில் பட்டது காற்று. ஆனி மாதக் காற்று, மலையிலிருந்து சாரலைத் தூக்கிக்கொண்டு வந்து முகத்தில் விசிறியது. விஸ்வநாதர் கோவில் வாசலில், உச்சியில்லாமல் பிளந்து நின்ற கோபுரத்துக்குக் கீழே, என் குடை மல்லாந்துகொண்டது. கொழும்பில் மழை என்றால் வானம் உடைந்து கொட்டும், பிறகு வேர்க்கும். இந்தச் சாரலோ நனைக்கவும் இல்லை, விடவும் இல்லை. எனக்கு உடனே தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது.

சமுத்திரதாசன் என்றால் ஓய்வுபெற்ற கப்பல் காப்டன், வெள்ளைத் தாடி, சுருட்டு என்று நான் முடிவு கட்டியிருந்தேன். மறுநாள் காலையில் கடைவீதி முனையில் ஒரு டீக்கடையில் விசாரித்தேன். கடைக்காரர் இசக்கி, வாட்டசாட்டமான ஆள், ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கொழும்பா? பத்திரிகை ஆபீஸா? ஏ அண்ணாச்சி, உக்காருங்க. நான்தான் அல்வாவுக்குச் செத்தவன்” என்றார்.

எனக்கு ஒரு கணம் ஓடவில்லை. பிறகு ஓடியது. உப்புக்கோளில் முதல் தூண்டிலில் மாட்டிய டீக்கடைக்காரர்! அல்வா வாசனைக்கு ஆசைப்பட்டுத் தெப்பத்திலிருந்து எட்டிப் பார்த்து, உதட்டில் கொக்கி ஏறி, ‘ருசி பரவாயில்லை, நெய்தான் பத்தாது’ என்று சொல்லிக்கொண்டே போனவர். அந்த வரிக்கு நான் தனியாகச் சிரித்திருக்கிறேன். அந்த மனிதர் இதோ என் கையில் டீ கொடுக்கிறார்.

இசக்கி கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு என்னைக் கடைவீதி முழுக்கக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஆட்களை அறிமுகம் செய்கிற முறையை நான் வேறு எந்த ஊரிலும் பார்த்ததில்லை. எண்ணெய்க்கடை அண்ணாச்சியை, இவரைத்தான் சொறிமீன் கரைத்துக் குடித்தது என்றார். முடிவெட்டுகிறவரை, இவர் சுறாவுக்குச் சவரம் பண்ணப்போய்ச் செத்தவர் என்றார். எல்லாரும் கூச்சத்தோடு கும்பிட்டார்கள். கதையில் சாவது அந்த வீதியில் ஒரு மரியாதை ஆகிவிட்டிருந்தது. ஒரு பாத்திரக்கடைக்காரர் மட்டும் முகம் கொடுக்கவில்லை. அவரை ராக்கெட்டிலேயே ஏற்றவில்லையாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் கருவாடு வாங்குவதில்லையாம்.

கருவாடு எதற்கு இதில் வந்தது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பதில் மூக்கில் வந்து ஏறிவிட்டது.

கருவாட்டுக்கடை. சாக்குகளில் நெத்திலி, வாளை, சுறாத் துண்டு, சாளை. தராசுக்குப் பின்னால் ஐம்பது வயதுக்குள் ஒரு அம்மாள், கழுத்தில் சின்னச் சிலுவை, கை நிறைய உப்பு. தூத்துக்குடிக் கருவாடு வாரம் தவறாமல் அவள் கடைக்கு வந்து இறங்கும். அவள் தூத்துக்குடிக்குப் போனதில்லை. கடலைக் கண்ணால் கண்டதில்லை. இவ்வளவும் இசக்கி எனக்குக் காதோடு சொன்னது. சமுத்திரதாசனைப் பார்க்க வேண்டும் என்றேன்.

“பாதி நான்தான் தம்பி. மீதி உள்ள இருக்காவ” என்றாள் ஞானம்மாள்.

மீதி, கடைக்குப் பின்னால் வீட்டுக் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தது. அவள் கணவர் தங்கையா. அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். நெஞ்சு வலி வந்து டாக்டர் வீட்டோடு இருக்கச் சொன்ன பிறகு அவருக்குப் பொழுது போகவில்லை. மத்தியானம் கடையை அடைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மீனெல்லாம் சாக்குக்குள்ளே என்ன பேசிக்கொள்ளும் என்று ஏதோ விளையாட்டுக்குச் சொல்லியிருக்கிறாள். கை சும்மா இருக்காத மனிதர், அதை எழுதியிருக்கிறார். இப்படிப் பிறந்தவர்தான் சமுத்திரதாசன். அவள் சொல்லுவாள், இவர் எழுதுவார். அவளுக்கு எழுதத் தெரியாதா என்றால் தெரியும். ஆனால் அவர் கையெழுத்தைப் பார்த்த பிறகு தானும் எழுதுவது அநியாயம் என்று பட்டதாம்.

அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். அடித்தல் திருத்தல் இல்லாமல், கோத்து வைத்த மாதிரி இருக்கும். உங்கள் பக்கம் தனக்குத்தான் வேண்டும் என்று எங்கள் அச்சுக்கோப்பவர்கள் சண்டை போடுகிறார்கள் என்று சொன்னேன். மனிதர் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

சாப்பிடாமல் விடவில்லை. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், ஓரத்தில் பொரித்த நெத்திலியும். எங்கள் ஊரில் உளுந்து வடையாகவும் தோசையாகவும் வரும். சோற்றுக்குள் புகுந்து பார்த்ததில்லை. சந்தேகத்தோடு ஆரம்பித்து வெட்கமில்லாமல் மூன்றாம் முறை வாங்கினேன். கை கழுவியபின் வந்த காரியத்தைச் சொன்னேன். கணக்கப்பிள்ளை செத்துவிட்டால் நான் ஊருக்குப் போகலாம், வேலை இருக்கும், இல்லையென்றால் இல்லை.

“நாலு வரிதான் ஞானம். சொல்லுட்டி, எழுதிப்போடுதேன். தம்பி பொழைப்பைக் கெடுக்காத” என்றார் தங்கையா.

ஞானம்மாள் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனவள் கூடத்துக்குத் திரும்பி வரவில்லை.

கணக்கப்பிள்ளை யார் என்று எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பிழை திருத்துகிறவனுக்கு எழுத்துத்தான் கண்ணில் படும், ஆள் படமாட்டான். தங்கையா பிடிவாதமாக இருந்தார். சாகாமல் தப்பித்தால் என்ன என்று நான் மெல்லக் கேட்டதற்கு அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

“ஊர்ல உள்ளவனையெல்லாம் கொன்னுட்டு, புருஷனை மட்டும் இவ காப்பாத்திட்டான்னா நான் கடைவீதியில எப்படி நடக்க? அப்படி ஒரு வரி அவ சொன்னா நான் எழுத மாட்டேன்” என்றார்.

கடைக்கு வந்தேன். அவள் சாளையைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

“டாக்டர் என்ன சொல்லியிருக்காருன்னு அவியளுக்குத் தெரியாது தம்பி. எனக்குத் தெரியும். நான் சொல்லுத சொல்லெல்லாம் அவிய கையாலதான் எழுத்தாவுது. கணக்கப்பிள்ளை செத்தான்னு அந்தக் கையை எழுதச் சொல்லுவேனா?”

தங்கியிருந்த விடுதி அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். அந்த அம்மாள்மேல் இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒரு கதை, ஒரு கிழவன், ஒரு மீன். இதற்குப் போய் என் வீட்டில் உலை கொதிக்காமல் போக வேண்டுமா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் நினைத்தேன்.

அடுத்த நாள் அவர்கள் குற்றாலம் போகிற நாள். சீசனுக்கு ஒரு தடவை கடையை அடைத்துவிட்டுப் போய்க் குளிக்காமல் தங்கையாவுக்கு வருஷம் போகாது. என்னையும் கூப்பிட்டார்கள். இசக்கி துணைக்கு வந்தார். குதிரை வண்டி. ஏறி உட்கார்ந்தது முதல் வண்டிக்காரன், முன்னால வாங்க, முன்னால வாங்க என்று விரட்டினான். பின்பாரம் கூடினால் குதிரை வானத்துக்குப் போய்விடுமாம். நகர்ந்து நகர்ந்து கடைசியில் குதிரையின் வால் என் மடியில் இருந்தது. எதிரே மலை முழுக்க மேகம். இடது கைப்பக்கம் நாற்று வயல். வழியெல்லாம் ஈரத் துண்டோடு திரும்புகிறவர்கள், தண்ணீர் எப்படி என்று கேட்காமலே, நல்லா விழுது, நல்லா விழுது என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

கடல் எப்படித் தம்பி இருக்கும் என்று ஞானம்மாள் கேட்டாள். கடலை வைத்து இவ்வளவு கதை சொன்னவளுக்கு நான் என்ன சொல்ல? பெரிசாக இருக்கும் என்றேன். அது தெரியும் என்றாள். ஓயாமல் வந்துகொண்டே இருக்கும், ஆனால் எங்கேயும் போகாது என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. அடுத்த தடவை வரும்போது உங்கள் இரண்டு பேரையும் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். தங்கையா, எனக்கு அருவி போதும், உப்பெல்லாம் கடையிலேயே பார்த்தாயிற்று என்றார்.

குற்றாலத்தில் குளிப்பது என்றால் சும்மா போய் நின்றுவிட முடியாது. முதலில் எண்ணெய். கல்லில் குப்புறப் போட்டு ஒருவர் என் முதுகில் மாவு பிசைந்தார். கையை முறுக்கினார், கழுத்தில் சொடுக்கெடுத்தார். நான் வலியில் கத்தியதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் நாலு போட்டார். பிறகு இசக்கி என் தோளைப் பிடித்துப் பெரிய அருவிக்குள் தள்ளினார்.

உச்சந்தலையில் யாரோ உரலைப் போட்ட மாதிரி இருந்தது. மூச்சு நின்றது. பிறகு உடம்பில் உள்ள கவலையெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வேலை, பத்திராதிபர், கணக்கப்பிள்ளை, ஒன்றும் இல்லை. இதற்காகத்தான் ஊர் ஊராக வந்து இதன்கீழ் நிற்கிறார்கள் என்று புரிந்தது. கடல் எனக்கு ஒருநாளும் செய்யாத உபகாரம் இது. சிரித்துக்கொண்டே வெளியே வந்து பார்த்தால் உலகமே கலங்கலாக இருந்தது. மூக்கைத் தடவினேன். கண்ணாடி இல்லை.

பிழை திருத்துகிறவன் கண்ணாடியைக் கழற்றுவது தூங்கும்போது மட்டும்தான். அது உடம்போடு பிறந்தது என்றே நினைத்துவிட்டேன். இந்த அருவி மோதிரம் வாங்கியிருக்கிறது, சங்கிலி வாங்கியிருக்கிறது, பல்செட்டுக்கூட வாங்கியிருக்கிறது, கண்ணாடி இப்போதுதான் என்று இசக்கி ஆறுதல் சொன்னார்.

தங்கையாவை டாக்டர் நடு அருவிக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவர் ஆண்கள் பக்கத்து ஓரத்தில், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெறிக்கிற தண்ணீரைத் தோளில் வாங்கிக்கொண்டு நின்றார். இசக்கி பக்கத்திலேயே நின்றார். ஞானம்மாள் பெண்கள் பக்கம் குளித்துவிட்டு வந்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, எதிரே ஒரு பாறையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டுத் தடுமாறிப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

பென்சில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, கண்ணுதான் இல்லை என்றேன்.

“காது கேக்கும்லா. எழுதுங்க” என்றாள்.

பையிலிருந்த அச்சுத்தாளின் பின்பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் அருவியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்லத் தொடங்கினாள். உப்புக்கோளில் ஒரு புதுத் தெப்பம் வருகிறது. அதில் ஒரு ஆள், கொழும்பிலிருந்து. நான் குதூகலத்தோடு எழுதினேன். மீட்க வருகிறார்கள், முடிவு வந்துவிட்டது, வேலை பிழைத்தது!

அந்த ஆள் வந்ததிலிருந்து புலம்புகிறார். தெப்பம் ஆடுகிறது, தாமதம் ஆகிறது, சாப்பாட்டு நேரம் கடந்துவிட்டது, தடிமன் பிடித்திருக்கிறது. மீன்கள் கூடி நின்று கேட்கின்றன. இத்தனை நாளில் இவ்வளவு குறை சொல்லுகிற இரையை அவை பார்த்ததில்லை. பென்சில் என் கையில் கொஞ்சம் நின்றது. ஞானம்மாள் நிற்கவில்லை. பெரிய மீன் ஒன்று கணக்கப்பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. வயசானது, காயப்போட்டால் முள்தான் மிஞ்சும். இந்த ஆள் இளசு, ஒரே பந்தியில் மூன்று தடவை உளுந்தஞ்சோறு வாங்கிச் சாப்பிட்டது. இவனை எடுத்துக்கொண்டு அவனை விட்டுவிடுவோம் என்று பேரம் முடிகிறது.

“எழுதுங்க தம்பி. ‘உப்புத் தடவும்போதும் அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.’”

எழுதினேன். என் சாவை என் கையாலேயே எழுதினேன். கோபம் வந்தது, பயங்கரமாகச் சிரிப்பும் வந்தது. அவள் குரல் அதன் பிறகுதான் இறங்கியது. கணக்கப்பிள்ளை காலித் தெப்பத்தில் ஏறுகிறார். எத்தனையோ நாள் மிதக்கிறார். ஊர் வந்து சேரும்போது சீசன். நேராக அருவிக்குப் போய் நிற்கிறார். வாயைத் திறந்து தண்ணீரைக் குடித்துப் பார்க்கிறார். அந்தத் தண்ணீரில் உப்பு இல்லை. முற்றும்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அருவி இருக்கிற இடம் வெள்ளையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். கண்ணாடி இருந்திருந்தாலும் அந்த நேரம் தெரிந்திருக்காது.

கோபமா தம்பி என்று கேட்டாள். இல்லை என்றேன். நீங்கள் கடல்காரர், உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்றாள், பெற்றவள் சொல்கிற மாதிரி.

மறுநாள் பஸ்ஸுக்கு முன்னால் சொல்லிக்கொள்ளப் போனேன். தங்கையாவுக்குச் சொல்லாமல் நான் தாளைக் கொண்டுபோக விட ஞானம்மாளுக்கு மனம் வரவில்லை. என்னிடமிருந்து வாங்கி அவரிடம் கொடுத்துவிட்டாள். அவர் வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். கண் தெரியாமல் எழுதினது. வரிமேல் வரி ஏறி, சாரலில் நனைந்து, என்னாலேயே வாசிக்க முடியவில்லை. அவர் ஒவ்வொரு வார்த்தையாகத் தோண்டி எடுத்தார். கணக்கப்பிள்ளை தெப்பத்தில் ஏறும் இடம் வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டார். இதை எழுத மாட்டேன் என்று அன்றைக்கே சொன்னேனே என்றார். நான் ஒப்புக்கு, நீங்கள் எழுத வேண்டாம், இப்படியே கொண்டுபோகிறேன் என்றேன்.

“இதையா?” என்றார் தங்கையா. “சமுத்திரதாசன் கையெழுத்துக்கு அங்கன ஆளுவ சண்டை போடுதாவன்னு சொன்னிய. இந்தக் கோழிக் கிறுக்கலையா கொண்டுபோய்க் குடுக்கப் போறிய?”

பேனாவைக் கொண்டுவரச் சொன்னார். எனக்கு அந்தப் பஸ் போயிற்று, அடுத்த பஸ்ஸும் போயிற்று. அவர் கோடு போடாத தாளில் கோடு போட்ட மாதிரி எழுதிக்கொண்டே போனார். நான் வெட்டுப்படும் இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார். தெப்பம் வந்தது. நிறுத்தவில்லை. அருவி வந்தது. அங்கே பேனாவைத் துடைத்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், அடுக்களை வாசலில் நின்றவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடைசி வரியை எழுதி, மை காய ஊதினார்.

“நீங்க செத்ததுல எனக்குச் சந்தோசமில்ல தம்பி. ஆனா நல்லாத்தான் செத்திருக்கிய” என்று சொல்லி என் கையில் கொடுத்தார்.

திரும்பும்போது கடல் அமைதியாக இருந்தது. அப்படியும் வாந்தி எடுத்தேன், ஆனால் தாள்களைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு எடுத்தேன். முடிவு அச்சானது. அச்சுக்கூடத்தில் என்னைப் பிணம் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பத்திராதிபர், உன்னைக் கொன்றவர் ஆளை நன்றாகத் தெரிந்து கொன்றிருக்கிறார் என்றார். உயிரோடு இருக்கிற பிள்ளையை இப்படி எழுதுவார்களா என்று அம்மா அழுதாள். பாதிப் பேர் கணக்கப்பிள்ளை தப்பியது சரியில்லை என்றார்கள். எனக்கு வேலை இருந்தது.

அடுத்த சீசனுக்கு யாரும் அனுப்பாமல் நானே போனேன். அதே காற்று, அதே பிளந்த கோபுரம், பஸ் மட்டும் இந்தமுறை பாவூர்சத்திரம் தாண்டி நின்றது. டீக்கடையில் தலையைக் காட்டியதும் இசக்கி, ஏலே, நம்ம செத்த கொழும்புக்காரர் வந்திருக்காருலே என்று வீதிக்குக் கேட்கும்படி சொன்னார். எண்ணெய்க்கடை அண்ணாச்சி எழுந்து வந்தார். பாத்திரக்கடைக்காரர்கூட வந்து, எனக்கு ராக்கெட்டில் இடமில்லை, நேற்று வந்த உமக்கு இடமா என்றார், சிரித்துக்கொண்டு. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பிறகு இசக்கி டீயை என் முன்னால் வைத்துவிட்டு, தங்கையா அண்ணாச்சி தை மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னார்.

ஞானம்மாள் கடையில்தான் இருந்தாள். தராசு, சாக்கு, உப்புக் கை, எல்லாம் அப்படியே. உள்ளே சாய்வு நாற்காலி சுவரோடு சாத்தி வைத்திருந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். கொடுத்த வாக்கு நினைவு வந்து, தூத்துக்குடிக்குப் போகலாமா அக்கா, கடல் காட்டுகிறேன் என்றேன். தராசுத் தட்டில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டாள்.

“கடல்ல எனக்கு ஆரு இருக்கா? குத்தாலத்துக்குப் போவோம்” என்றாள்.

போனோம். குதிரை வண்டி, முன்னால வாங்க, நாற்று வயல், ஈரத் துண்டுகள். அவள் குளிக்கவில்லை. அதே பாறையில் உட்கார்ந்தாள். சாரல் விழுந்துகொண்டே இருந்தது. ஆண்கள் பக்கத்தில் கூட்டம் நெரிந்தது. யார் முகமும் தெரியாமல் எல்லாரும் தண்ணீருக்குள் நின்றார்கள்.

இன்றைக்குத் தலைமன்னாரிலிருந்து கப்பல் இல்லை. தனுஷ்கோடி ரயில் இல்லை. எங்கள் பத்திரிகை இல்லை, அந்தத் தாள்களும் இல்லை. எனக்கு வயதாகி, முள்தான் மிஞ்சியிருக்கிறது. ஆனால் அவள் அன்றைக்குக் கேட்டது மட்டும் காதில் அப்படியே இருக்கிறது.

“புதுக் கண்ணாடிலா போட்டிருக்கிய. எனக்கு இங்கன இருந்து தெரியல. அந்த ஓரத்துல, கம்பிகிட்ட, அவிய நிக்காவளான்னு பாத்துச் சொல்லுங்க தம்பி.”

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தேன். மறுபடி போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தேன். நிற்கிறார் என்றேன்.